தொடுதிரை தொடுமா?

தொடுதிரை என்னும் சொல் இன்று சிறுவர் வாயிலும் வழங்குகிறது. இலக்கணம் கற்றோர் அதனை வினைத்தொகை என்பர். தொட்ட திரை, தொடுகின்ற திரை, தொடும் திரை என முக்காலமும் அதனுள் மறைந்து நிற்கின்றன. ஆயின், மறைந்து நிற்பது காலம் மட்டுமோ? தொடுவது எது என்பதும் அங்கே மறைந்தே நிற்கிறது. குடிநீர் என்றவிடத்து நீர் எதனையும் குடிப்பதில்லை. அது பிறரால் குடிக்கப்படுவது. பாய்புலி என்றவிடத்துப் புலியே பாய்வது. இரண்டும் வினைத்தொகையே. தொடுதிரை இவ்விரண்டனுள் எவ்வகையைச் சார்ந்தது?

கையிலிருக்கும் கருவியை நோக்கினால் விடை எளிதில் கிடைக்கும். அது குடிநீர் வகையினது. விரல் திரையைத் தொடுகிறது. திரை விரலைத் தொடுவதில்லை. பட்டுத் துணியின் படம் தோன்றினும், மரப்பட்டையின் படம் தோன்றினும், விரலுக்கு எட்டுவது ஒரே கண்ணாடியின் ஒரே வழவழப்பு. கண்ணுக்குக் கோடிக்கணக்கான நிறங்களைக் காட்டும் கருவி, காதுக்கு இசையைப் பொழியும் கருவி, விரலுக்கு மட்டும் ஒன்றும் கூறாமல் ஊமையாய் இருக்கிறது. மிஞ்சிப் போனால் சிறியதொரு மோட்டார் உள்ளே துடித்து, முழுக் கருவியையும் ஒருமுறை அதிரச் செய்கிறது. அது பேச்சன்று, கதவைத் தட்டும் ஒலி போன்றது.

இக்குறையைப் போக்கப் பல ஆண்டுகளாக அறிவியலறிஞர் முயன்று வருகின்றனர். அவர்கள் பெரிதும் நம்பியிருப்பது, மின்சாரம் ஊட்டியவுடன் சுருங்கியோ விரிந்தோ வளைந்தோ கொடுக்கும் மெல்லிய பொருள்களை. மென்பொருள் என்னும் சொல் கணிப்பொறிக் கட்டளைகளுக்கு உரியதாகிவிட்டமையால், இவற்றை நெகிழ்பொருள் எனல் பொருந்தும். இவற்றைப் பற்றி எழுந்துள்ள புகழுரைகள் பல. அப்புகழ் எவ்வளவிற்குத் தகும், எந்த அளவுகோலால் அதனை அளக்க வேண்டும் என்பவை ஆராயத்தக்கன.

தோலின் இயல்பு

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் வகுத்தார். அவ்வரிசையில் முதற்கண் வைத்தது உற்றறியும் அறிவை. புல்லுக்கும் மரத்துக்கும் அவர் உரிமையாக்கிய அறிவு அது ஒன்றே. கண்ணும் காதும் பின்னர் வந்தவை. முதலில் நின்ற அறிவு எளியது என்று எண்ணிவிடுதல் தவறு. ஊற்றுணர்வின் அமைப்பை அறிவியல் விளங்கிக்கொள்ளத் தொடங்கியது மிக அண்மையில்தான். தொடுதலையும் வெப்பத்தையும் உணரும் உயிரணு வாயில்களைக் கண்டறிந்தமைக்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகிய இருவருக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது 2021-ஆம் ஆண்டிலேயே.

உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் தொடுதலை உணரும் நரம்பு முனைகள் நால்வகைப்படும். ஒருவகை, தோல் மீது நிலையாக அழுந்தி நிற்கும் விளிம்பையும் புள்ளியையும் கூர்மையாய் உணரும். இன்னொரு வகை, மெதுவான அசைவையும் பொருள் வழுக்குவதையும் உணரும். பிறிதொரு வகை, நொடிக்கு 250 முறை அளவிலான நுண்ணிய அதிர்வை உணர்வதில் சிறந்தது. நான்காவது வகை, தோல் இழுபடுவதை உணரும். கைப்பேசியின் அதிர்வு இந்நான்கனுள் பெரும்பாலும் ஒன்றையே சென்று தட்டுகிறது. நான்கு கதவுடைய வீட்டின் ஒரு கதவை மட்டுமே தட்டிவிட்டு, வீட்டாருடன் பேசிவிட்டதாகக் கூறுதல் பொருந்துமா?

மேலும் ஓர் உண்மை உண்டு. ஜெர்மானிய உளவியலறிஞர் டேவிட் காட்ஸ் 1925-இல் வெளியிட்ட நூலிலும், அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் கிப்ஸன் 1962-இல் எழுதிய கட்டுரையிலும் அதனை வலியுறுத்தினர். கை சும்மா இருந்து தொடுதலைப் பெறுவதில்லை. தானே சென்று தேடுகிறது. துணிக்கடையில் துணியின் தரம் பார்ப்பவர் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்பதில்லை. தேய்த்தும் கசக்கியும் பார்க்கிறார். தொடுதல் என்பது விரலின் ஆராய்ச்சி. ஆதலின் விரலோடு பேச விரும்பும் பொருள், விரல் அலையும் இடமெல்லாம் நின்று விடை கூறுதல் வேண்டும். இவ்வுண்மையை நினைவிற் கொண்டால், நெகிழ்பொருள்களின் நிறையும் குறையும் தாமே விளங்கும்.

இரப்பரின் வரலாறு

1877-ஆம் ஆண்டில் பால்மரக் கன்றுகள் சில சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. மலாயாவின் வாழ்வையும், அங்கே குடியேறிய தமிழர் வாழ்வையும் மாற்றப்போகும் கன்றுகள் அவை. அதற்கு மூன்றாண்டு கழித்து, 1880-இல், ஜெர்மனியில் வில்லெம் ரோண்ட்கன் இரப்பர் நாடா ஒன்றின் நுனியில் எடை கட்டித் தொங்கவிட்டு, அதில் மின்னூட்டம் ஏற்றினார். நாடாவின் நீளம் மாறிற்று. பின்னாளில் எக்ஸ் கதிரைக் கண்டு உலகப் புகழ் எய்திய அதே ரோண்ட்கன்தான் இவர். கதிரின் ஒளியில் இரப்பர் நாடாவின் ஆய்வு மறைந்துபோயிற்று.

அவ்வாய்வின் அடிப்படை எளியது. மெல்லிய இரப்பர்த் தாளின் இருபுறமும், நீளக்கூடிய கரிப்பூச்சு ஒன்றைப் பூசவேண்டும். ஒருபுறத்துக்கு நேர்மின்னும் மறுபுறத்துக்கு எதிர்மின்னும் ஊட்டினால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். இடையில் அகப்பட்ட இரப்பர் நசுங்கும். இரப்பர் நசுங்கினும் அதன் கனஅளவு குறையாது. ஆகவே தடிப்பில் இழந்ததைப் பரப்பில் பெற்றுத் தாள் விரியும். சப்பாத்தி மாவு குழவியின்கீழ் விரிவதைப் போன்றது அது. மின்சாரத்தை நிறுத்தினால் தாள் பழைய நிலையை அடையும்.

இக்கருத்துக்கு உயிரூட்டியவர் அமெரிக்காவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ரான் பெல்ரைனும் அவர்தம் தோழர்களும் ஆவர். 2000-ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' இதழில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை அறிவியல் உலகை வியப்பில் ஆழ்த்தியது. இரப்பர் இனத் தாளை முன்னரே இழுத்துப் பிடித்து வைத்து மின்னூட்டினால் விரிவு பன்மடங்காகும் என்று அவர்கள் காட்டினர். சிலிக்கோன் தாளில் விரிவு 117 விழுக்காடு வரை சென்றது; அக்ரிலிக் தாளில் 215 விழுக்காட்டை எட்டியது. விரிவிலும் அழுத்தத்திலும் விரைவிலும் சிலிக்கோன் தாள் இயற்கைத் தசையையும் விஞ்சியது எனக் கட்டுரை கூறியது. செயற்கைத் தசை என்னும் பெயர் இப்பொருள்களுக்கு ஒட்டிக்கொண்டது.

வேறு இனங்களும் உண்டு. பாலிமர் ஒன்றனுள் நீரும் அயனிகளும் நிறைத்துச் சில வோல்ட் மின்சாரம் ஊட்டினால், அயனிகள் ஒருபுறமாய்ச் சென்று குவியும். பட்டை வாழையிலை போல் வளையும். ஹெய்ஜி கவாய் என்னும் ஜப்பானிய அறிஞர் 1969-இல் கண்ட புளோரின் பாலிமர்த் தாள், அழுத்தினால் மின்சாரம் தரும்; மின்சாரம் தந்தால் தானே மிகச் சிறிதளவு அசையும். இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு வகையில் வலியது, ஒரு வகையில் மெலியது. அயனிப் பட்டைக்குச் சிறிய மின்னழுத்தமே போதும். ஆயின் அதன் அசைவு மெதுவானது, ஆற்றல் குறைந்தது. இரப்பர்த் தாளுக்கு விரைவும் வலிவும் உண்டு. ஆயின் அது கேட்கும் மின்னழுத்தமோ ஆயிரக்கணக்கான வோல்ட்.

எண்ணின் மயக்கம்

215 விழுக்காடு என்னும் எண் பெரிது. பெரிய எண் மயக்கமும் தரும். எத்துறையிலும் எளிதில் அளக்கக்கூடியது எதுவோ அதுவே சிறப்பின் அளவாகிவிடுதல் உலக இயல்பு. நெகிழ்பொருள் ஆராய்ச்சியிலும் அது நிகழ்ந்தது. எவ்வளவு விரிந்தது என்பதே பலகாலம் முதற்கேள்வியாய் நின்றது. விரிந்தபின் ஒரு சுமையைத் தாங்குமா, எத்தனை முறை விரியும், மனிதத் தோலின் அருகே வைக்கத் தகுமா என்னும் கேள்விகள் பின்வரிசையில் அமர்ந்தன.

இம்மயக்கத்தை உடைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1999-இல் யோசெப் பார்-கோஹன் என்னும் அறிஞர் தம் துறையினருக்கு ஓர் அறைகூவல் விடுத்தார். செயற்கைத் தசையால் இயங்கும் கை ஒன்றைச் செய்து, கைமடக்கும் போட்டியில் மனிதரை வென்று காட்டுக என்பதே அது. 2005-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சான் டியேகோ நகரில் போட்டி நிகழ்ந்தது. மூன்று இயந்திரக் கைகள் வந்திருந்தன. எதிரே அமர்ந்தவர் மல்லர் அல்லர். பதினேழு வயதுப் பள்ளி மாணவி ஒருவர். மூன்று கைகளும் தோற்றன. அவற்றுள் ஒன்று 26 நொடி தாங்கிற்று. மற்ற இரண்டும் சில நொடிகளிலேயே சாய்ந்தன.

இதனை எள்ளி நகையாடுவோர் உண்மையை அறியாதவர். தம் படைப்பை அவையோர் முன் வைத்துத் தோல்வியை ஏற்ற அவ்வறிஞரின் நேர்மை பாராட்டுக்குரியது. தசையினும் மிக்கது என்னும் சொல்லுக்கும், மாணவியின் கையை மடக்குவதற்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதை அப்போட்டி உலகுக்குக் காட்டிற்று. துறை வளர்வதற்குப் புகழுரை நூறு செய்யாத நன்மையை அத்தோல்வி ஒன்று செய்தது எனலாம்.

தொடுதலுக்கு இத்தகைய போட்டி எது? இங்கேதான் ஆராய்ச்சி உண்மையான இடத்துக்கு வந்து சேர்கிறது. விரலின் திறனை முழுமையாகப் பயன்படுத்துவோர் பார்வையற்றோர். திரை தொடுவது பிறர்க்கு வேடிக்கை. அவர்க்கு அது கல்வி. பார்வையற்றவர் படிக்கும் ஒரு பக்கமே நெகிழ்பொருள்களுக்கு உரிய போட்டிக் களம்.

கண்ணின் எழுத்தும் விரலின் எழுத்தும்

பார்வையற்றோர் கல்வியின் வரலாறு ஒரு பாடம் கற்பிக்கிறது. 1780-களில் பாரிஸ் நகரில் அவர்களுக்கெனப் பள்ளி தொடங்கிய வாலாந்தேன் ஔயி பெருந்தகையாளர். அச்செழுத்துகளையே தாளில் மேடாகப் புடைக்கச் செய்து அவர்களுக்குப் படிப்பித்தார். நூல்கள் அழகாயிருந்தன. கண்டோர் வியந்தனர். ஆயின் விரல் அவ்வெழுத்துகளின் வளைவுகளில் தட்டித் தடுமாறிற்று. வாசிப்பு மெதுவாகவே நகர்ந்தது. காரணம் யாது? அவ்வெழுத்துகள் கண்ணுக்காகப் பிறந்தவை. கண்ணின் உடையை விரலுக்கு உடுத்திய பிழை அது.

அப்பள்ளியில் 1819-இல் பத்து வயதுச் சிறுவனாய்ச் சேர்ந்த லூயி பிரெயில் அப்பிழையை உணர்ந்தார். இராணுவ அதிகாரியாயிருந்த சார்ல் பார்பியே அமைத்த பன்னிரு புள்ளி முறையைச் சுருக்கி, ஆறு புள்ளிகளில் ஓர் எழுத்து முறையை ஆக்கினார். 1829-இல் அதனை வெளியிட்டார். ஆறு புள்ளியும் ஒரு விரல் நுனிக்குள் அடங்கும். புள்ளிக்குப் புள்ளி இடைவெளி ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். உயரம் அரை மில்லிமீட்டர் அளவே. கண்ணுக்கு அது எழுத்தாகவே தோன்றாது. விரலுக்கோ அதனினும் தெளிவான எழுத்து இல்லை. அவர் பயின்ற பள்ளியே அம்முறையை முறைப்படி ஏற்றது 1854-இல். அவர் மறைந்து இரண்டாண்டு கழித்து.

ஔயியின் நூல் பார்ப்பவரை வியப்பித்தது. பிரெயிலின் புள்ளி படிப்பவரைப் படிப்பித்தது. இவ்விரண்டின் வேறுபாடே எல்லாத் தொடுகருவிகளையும் சீர்தூக்கும் துலாக்கோல். நெகிழ்பொருளால் ஆன காட்சிக் கருவிகள் பலவற்றில், வண்ண ஒளியின்கீழ் தாள் அலை அலையாய் எழுந்து தாழும். கண்ணுக்கு அஃது இனிய காட்சி. அதன்மேல் ஒரு விரலை வைத்து மெல்ல அழுத்தினால் அலை நிற்குமா, அமுங்குமா என்பதன்றோ கேள்வி?

ஒற்றை வரியின் சிறை

இன்று கணிப்பொறியிலிருந்து பிரெயில் படிக்க உதவும் கருவிகளில் நெடுங்காலமாய் உழைப்பது நெகிழ்பொருள் அன்று, கடினமான பீங்கான். மின்னூட்டினால் வளையும் பீங்கான் பட்டைகள் ஏறத்தாழ 200 வோல்டில் வளைந்து, நுனியிலுள்ள ஊசியை மேலே தள்ளும். ஊசி விரைந்து எழும். விரலின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லின்வில், பார்வையற்ற தம் மகளின் பொருட்டு எண்ணிய ஆப்டகான் கருவியும் இவ்வகைப் பீங்கான் கொண்டே 144 ஊசிகளை அதிரச் செய்தது. 1970-களில் பரவிய அக்கருவியால் அச்சிட்ட எந்நூலையும் விரலால் படிக்க முடிந்தது. அது பெரும் விடுதலை. எனினும் அச்செழுத்தின் வடிவத்தையே விரல் உணர வேண்டியிருந்தமையால், தேர்ச்சிக்கு நீண்ட பயிற்சி வேண்டியிருந்தது; விரைவும் குறைந்தது. ஔயியின் பிழை புதிய உடையில் வந்தது எனினும் தவறில்லை.

பீங்கானின் குறை அதன் நீளம். ஒரு புள்ளி எழ வேண்டிய உயரம் அரை மில்லிமீட்டர். அதற்குப் பட்டையோ சில சென்டிமீட்டர் நீளம் வேண்டும். ஒரு வரிக்கு அப்பட்டைகளைப் பின்புறமாய் அடுக்கிவிடலாம். இருபத்தைந்து வரிக்கு அடுக்க இடம் ஏது? ஆகவே பெரும்பாலான கருவிகளில் இருபதோ நாற்பதோ அறைகொண்ட ஒரே வரிதான் உண்டு. தாளில் புடைத்த பிரெயில் பக்கமோ இருபத்தைந்து வரி, வரிக்கு நாற்பது அறை எனும் அளவில் ஆயிரம் அறைகளைக் கொண்டிருக்கும். ஆறாயிரம் புள்ளிகள் அவை. ஒற்றை வரிக் கருவியில் படிப்பவர், ஒரு நூலகத்தைச் சாவித்துளை வழியே பார்ப்பவர் போன்றவர்.

இக்குறை தமிழ் படிப்போரை இரட்டிப்பாய்த் தாக்குகிறது என்பது தமிழாசிரியர் எண்ணத்தக்கது. இந்திய மொழிகளுக்குப் பொதுவாய் 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறையில் உயிர்மெய்யெழுத்துக்குத் தனி அறை இல்லை. மெய்க்கு ஓர் அறை. அதனை அடுத்து உயிருக்கு ஓர் அறை. கண்ணால் காணும் எழுத்தில் கொம்பு முன்னே நின்றாலும், பிரெயிலில் உயிர் பின்னரே வரும். அகரம் ஏறிய மெய்க்கு மட்டும் ஓர் அறை போதும். புள்ளிக்கும் ஓர் அறை வேண்டும். தமிழ் என்னும் சொல் அச்சில் மூன்றெழுத்து. பிரெயிலில் ஐந்து அறை. ஆதலின் நாற்சீர் கொண்ட வெண்பாவின் ஓர் அடியே இருபது அறையில் அடங்குதல் அரிது.

அடி அடங்காமற் போவது சிறு குறை. அடிகளை ஒன்றன்கீழ் ஒன்றாய்க் காண இயலாமற் போவதே பெருங்குறை. எதுகையை மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரியர் என் செய்கிறார்? அடிகளை வரிசையாய் எழுதி, இரண்டாம் எழுத்தை மேலிருந்து கீழாகக் காட்டுகிறார். கண் ஒரு கணத்தில் கண்டுகொள்கிறது. பிரெயில் தாளில் படிக்கும் மாணவன் விரலை மேலிருந்து கீழே இறக்கி அதனையே உணர்கிறான். ஒற்றை வரிக் கருவியில் கீழே என்பதே இல்லை. கணக்கின் கூட்டல், வரைபடம், அட்டவணை, பாட்டின் யாப்பு எல்லாம் அங்கே நீண்ட கயிறாய் இழுபட்டுப் போகின்றன. கை தானே சென்று தேடுவது என்று காட்ஸும் கிப்ஸனும் உணர்த்திய உண்மை ஈண்டு நினைக்கத்தக்கது. தேடுவதற்குப் பரப்பு வேண்டும். பரப்பு இல்லாத இடத்தில் கைக்கு ஆராய்ச்சி இல்லை.

களத்தில் வென்றது எது?

ஆயிரக்கணக்கான புள்ளிகளை நெருக்கமாக, மலிவாக, மெலிதாக அமைக்க வேண்டும். இத்தேவைக்கு நெகிழ்பொருளைவிடப் பொருத்தமானது எது? தாளாகப் பரப்பலாம், அச்சிடுவது போல் மின்முனைகளைப் பூசலாம், பட்டறையில் ஒவ்வோர் ஊசியாய்க் கோக்க வேண்டியதில்லை. கருத்தளவில் வெற்றி அதனுடையதே. ஆயின் களத்தில் நிகழ்ந்தது வேறு. பத்து வரி, வரிக்கு முப்பத்திரண்டு அறை எனப் பரப்பையே தரும் 'மொனார்க்' என்னும் கருவி அமெரிக்காவில் 2024-இல் வெளிவந்தது. அதன் 3,840 ஊசிகளை எழுப்புவது மின்காந்தம். பழைய காந்தச் சுருள் வந்து பக்கத்தைத் திறந்துவிட்டது. செயற்கைத் தசை ஆய்வுக்கூடத்தின் வாயிலிலேயே நிற்கிறது.

ஏன் நிற்கிறது? மூன்று தடைகள் உள. முதலாவது மின்னழுத்தம். நசுக்கும் விசை, தாளின் ஒவ்வொரு மைக்ரோமீட்டர் தடிப்புக்கும் எத்தனை வோல்ட் என்பதைப் பொறுத்தது. அதுவும் அதன் இருமடிப் பெருக்கத்தில். மைக்ரோமீட்டருக்கு 100 வோல்ட் என்று கொண்டால், சாதாரண சிலிக்கோன் தாளில் ஏறத்தாழ இரண்டரை வளிமண்டல அழுத்தம் கிடைக்கும். நல்ல வலிவுதான். ஆனால் தாள் 50 மைக்ரோமீட்டர் தடிப்பாயின் அதற்கு 5,000 வோல்ட் வேண்டும். மின்னோட்டம் மிகச் சிறிதாயினும், ஆயிரம் புள்ளிகளுக்கும் அவ்வழுத்தத்தைத் தனித்தனியே திறந்து மூடும் சுற்றமைப்பு எளிதன்று, மலிவும் அன்று.

இரண்டாவது, ஆயுள். தாளில் தூசியளவு குறையிருந்தாலும் மின்சாரம் அவ்விடத்தைத் துளைத்துவிடும். துளை விழுந்த தாள் இறந்த தாள். ஆறாயிரம் புள்ளியுள்ள பக்கத்தில் நூற்றுக்கு ஒன்று இறந்தாலும் அறுபது புள்ளி போய்விடும். கண் படிக்கும் பக்கத்தில் அறுபது கறை இருந்தால் பொறுக்கலாம். பிரெயிலில் ஒரு புள்ளி குறைந்தால் எழுத்தே வேறாகும். சொல் பொருள் மாறும்.

மூன்றாவது, நிலைத்தல். இரப்பர்த் தாள் மின்சாரம் உள்ளவரை எழுந்து நிற்கும், நிறுத்தினால் படுத்துவிடும். அதன் மென்மையே விரலுக்கு முன் அதன் மெலிவு. அதிர்வை உண்டாக்க அது மிகச் சிறந்தது. ஆயின் படிக்கும் விரலுக்கு வேண்டியது அதிர்வன்று, அசையாத புள்ளி. நால்வகை நரம்பு முனைகளுள் பிரெயிலைப் படிப்பது, நிலைத்த விளிம்பை உணரும் முதல்வகையே என்பதை மறந்து, அதிர்வின் வேகத்தைப் பெருமையாய்க் கூறுவோர் தவறான கதவைத் தட்டுகின்றனர்.

நம்பிக்கைக்கு இடம்

குறைகளை மட்டும் கூறி நிறுத்துதல் நடுநிலை ஆகாது. இத்தடைகளை உணர்ந்து உழைத்தோரும் உளர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் கீபிங் பெய் குழுவினர் 2009-இல் ஒரு புதிய பாலிமரைக் காட்டினர். சூடேற்றினால் அது இரப்பர் போல் இளகும். அந்நிலையில் மின்சாரம் அதற்கு வடிவம் தரும். குளிர்ந்தால் அவ்வடிவிலேயே கல் போல் உறையும். பின்னர் மின்சாரம் வேண்டியதில்லை. மென்மை எழுவதற்கு, வன்மை நிற்பதற்கு என இரண்டையும் ஒன்றில் அமைத்த அச்சிந்தனை, விரலின் தேவையை அறிந்த சிந்தனை. பிரெயிலையே குறியாகக் கொண்டு அது வளர்க்கப்பட்டது.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோப் கெப்ளிங்கர் குழுவினர் 2018-இல் வேறு வழி கண்டனர். திடமான தாளுக்குப் பதில் எண்ணெய் போன்ற நீர்மத்தை மெல்லிய பைக்குள் அடைத்தனர். மின்சாரம் துளைத்தாலும் நீர்மம் மீண்டும் பாய்ந்து துளையை மூடிக்கொள்ளும். ஆயுள் என்னும் தடைக்கு அது விடை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஹெர்பர்ட் ஷியா குழுவினர், 18 மைக்ரோமீட்டரே தடிப்புள்ள தாளை விரல் நுனியில் ஒட்டினர். அதனை ஒட்டிய விரலால் பிற பொருள்களையும் வழக்கம்போல் உணரலாம். 450 வோல்டிலேயே அது இயங்கிற்று. முதற்றடை பத்தில் ஒரு பங்காய்க் குறைந்தது என்னலாம்.

இவை ஒவ்வொன்றும் ஒரு தடையை வென்றன. மூன்றையும் ஒருசேர வென்று, ஆயிரம் அறைகளில் நின்று, ஓர் ஏழை மாணவன் வாங்கத்தக்க விலையில் வெளிவந்த நெகிழ்பொருள் இதுவரை இல்லை. இதனைக் கூறுதல் அறிஞரைப் பழிப்பது ஆகாது. அளவுகோலை நேராக்குவதே திறனாய்வின் கடமை. எத்தனை விழுக்காடு விரிந்தது என்று கேட்பதை விடுத்து, எத்தனை புள்ளி, எத்தனை நாள், எவ்வளவு விலை, அழுத்தும் விரலின்கீழ் நின்றதா என்று கேட்டல் வேண்டும். கைமடக்கும் போட்டியில் பள்ளி மாணவியை எதிரே அமர்த்தியது போல, ஒவ்வொரு புதிய தாளின் எதிரேயும் பிரெயில் படிக்கும் ஒருவரை அமர்த்துதல் வேண்டும். அவர் ஒரு பக்கத்தைத் தடையின்றிப் படித்து முடிப்பின் அதுவே வெற்றி. வேறு சான்று வேண்டியதில்லை.

தொடுதிரை இன்னும் குடிநீர் வகையிலேயே இருக்கிறது. அதனைப் பாய்புலி வகைக்கு மாற்றும் ஆற்றல் நெகிழ்பொருளுக்கு உண்டு. அதற்கு வழிகாட்டும் உரிமை கண்ணுக்கு இல்லை, விரலுக்கே உண்டு. பார்வையற்ற மாணவன் ஒருவன் ஒரு வெண்பாவின் நான்கடிகளை ஒருங்கே எழுப்பி, விரலை மேலிருந்து கீழே இறக்கி, எதுகை இது என்று தானே கண்டு கூறும் நாளில், திரை தொட்டது எனலாம். அதுவரை தொடுதிரை என்னும் தொகை விரியாமலே நிற்கும்.